தரையிலே பறக்கும் விமானம்: வழி சொல்ல வரைபடம், வேவு பார்க்கக் காமிரா!

விமானம் ஓட்டுகிறவருக்கு இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று, தாம் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாமல் போய்விடலாம். மற்றொன்று, தம்முடைய விமானம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவரால் வெளியே இறங்கிப் பார்க்க முடியாது.

கார் ஓட்டுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. வழி தெரியாவிட்டால் வண்டியை ஓரங்கட்டி, டீக்கடையில் நிற்பவரைக் கேட்கலாம். சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், இறங்கி ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டுப் போகலாம். ஆகாயத்தில் டீக்கடை ஏது? சுற்றிலும் மேகம் சூழ்ந்துகொண்டால் மேல் எது, கீழ் எது என்பதே மயக்கமாகிவிடும்.

இந்த இரண்டு சங்கடங்களையும் ஆபத்தில்லாமல் அனுபவித்துப் பார்ப்பதற்கு ஒரு சாதனம் இருக்கிறது. அதுதான் சிமுலேட்டர். பாவனை விமானம் என்று சொல்லலாம். விமானம் தரையை விட்டு ஓர் அங்குலங்கூட எழும்பாது. ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குப் பறப்பது போலவே எல்லாம் நடக்கும். இன்று வீட்டு மேஜைமேல் இருக்கும் சாதாரண கம்ப்யூட்டரிலேயே இது கிடைக்கிறது. திரையின் ஒரு மூலையில் சின்ன ஜன்னல் போல ஒரு வரைபடம் தெரியும். இன்னொரு மூலையில், விமானத்தை வெளியிலிருந்து பார்க்கும் காமிராக் காட்சி தெரியும். ஒன்று ‘எங்கே’ என்பதற்குப் பதில் சொல்கிறது. மற்றது ‘எப்படி’ என்பதற்குப் பதில் சொல்கிறது.

இவை விளையாட்டுக்காக வைத்த அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பவர்கள் இவற்றின் பூர்வோத்தரத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள்.

ஆர்மோனியத் துருத்தியில் பிறந்த விமானம்

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் பிங்காம்டன் என்று ஓர் ஊர். அங்கே லிங்க் என்பவர் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். அவருடைய மகன் எட்வின் லிங்க். 1904-ம் ஆண்டில் பிறந்தவர். பையனுக்கு விமானப் பைத்தியம்.

1920-ம் ஆண்டில் அவர் தமது முதல் பாடத்துக்குப் போனார். கற்றுக் கொடுத்தவர், சினிமா நடிகர் சார்லி சாப்ளினுடைய அண்ணன் சிட்னி சாப்ளின். ஒரு மணி நேரத்துக்கு 50 டாலர் கட்டணம். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. இவ்வளவும் கொடுத்து ஏறிய எட்வினுக்கு, அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு தடவைகூட விமானத்தின் பிடியைத் தொட வாய்ப்புக் கொடுக்கவில்லை!

இவ்வளவு செலவு செய்து இப்படியா கற்பது என்று அவருக்கு ஆற்றாமை. தகப்பனாரின் தொழிற்சாலையில் துருத்திகளும் காற்றுக் குழாய்களும் ஏராளம். ஆர்மோனியத்தின் துருத்தி எப்படிக் காற்றை வாங்கிச் சுரத்தைக் கொடுக்கிறதோ, அதே போலக் காற்றை வாங்கி ஒரு பெட்டியை முன்னும் பின்னும் சாய்த்தால் என்ன என்று யோசித்தார். 1929-ம் ஆண்டில் யந்திரம் தயாராகிவிட்டது. பார்வைக்குக் குழந்தைகளின் பொம்மை விமானம் போல இருக்கும். கட்டையான இறக்கைகள், குட்டி வால். உள்ளே ஓர் ஆள் உட்காரலாம். பிடியைத் தள்ளினால் மூக்கு தாழும், இழுத்தால் நிமிரும்.

ராணுவத்தார் இதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேளிக்கைப் பூங்காக்காரர்கள் வாங்கினார்கள். குடை ராட்டினத்துக்குப் பக்கத்தில், காசு போட்டால் ஆடும் பெட்டியாக அது நின்றது.

பிறகு 1934 வந்தது. தனியார் விமானங்கள் சுமந்துகொண்டிருந்த தபால்களை ராணுவ விமானிகளே கொண்டு போகவேண்டும் என்று அமெரிக்க சர்க்கார் உத்தரவிட்டது. பிப்ரவரி மாதம், கொட்டும் பனி, மூடிய மூடுபனி. ராணுவ விமானிகள் கண்ணால் பார்த்து ஓட்டிப் பழகியவர்கள். கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவதில் போதிய பயிற்சி இல்லை. சில வாரங்களுக்குள் பத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள். நாடெங்கும் கூக்குரல் எழுந்தது.

அப்போதுதான் பூங்காவில் நின்ற பெட்டியின் ஞாபகம் வந்தது. நியூவார்க் விமான நிலையத்தில் ராணுவ அதிகாரிகள் எட்வின் லிங்கை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். ஆனால் அன்று மழையும் மூடுபனியும். ‘இந்த மோசமான நாளில் அவர் எங்கே வரப்போகிறார்?’ என்று அவர்கள் புறப்படத் தயாரானபோது, மேகத்தைக் கிழித்துக்கொண்டு லிங்கின் விமானம் வந்து இறங்கியது. கருவிகளை மட்டும் பார்த்தே வந்து சேர்ந்திருந்தார்! அதற்கு மேல் பேச்சு எதற்கு? ஒன்று 3,500 டாலர் வீதம் ஆறு யந்திரங்களை ராணுவம் வாங்கியது. இரண்டாவது உலக யுத்தம் முடிவதற்குள் ஐந்து லட்சம் பேர் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள்.

மேஜைமேல் ஊர்ந்த நண்டு

இந்தப் பெட்டியில் மாணவர் உட்கார்ந்ததும் தலைக்கு மேலே மூடியைப் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே கருவிகளின் முட்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. வெளியே, சற்றுத் தள்ளி, ஒரு மேஜைக்கு முன்னால் ஆசிரியர் உட்கார்ந்திருப்பார். காதில் ஒலி வாங்கி, கையில் மைக்.

மேஜைமேல் ஒரு வரைபடம் விரித்திருக்கும். அதன்மேல் மூன்று சக்கரங்கள் வைத்த சின்ன யந்திரம் ஒன்று மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். அதற்கு எல்லோரும் வைத்த செல்லப் பெயர் ‘நண்டு’. உள்ளே இருப்பவர் விமானத்தை எந்தத் திசையில், என்ன வேகத்தில் ஓட்டுகிறாரோ, அதே கணக்கில் நண்டும் ஊரும். அதன் சக்கரங்களில் ஒன்றுக்கு மை பூசியிருக்கும். ஆகவே போன வழி முழுவதும் வரைபடத்தில் கோடாக விழுந்துவிடும்.

உள்ளே இருக்கும் மாணவர், தாம் நேர்கோட்டில் போய்க்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். வெளியே நண்டு வளைந்து வளைந்து, எங்கோ ஒரு மலைப் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும். பயிற்சி முடிந்து மூடியைத் திறந்து வெளியே வந்ததும், ஆசிரியர் ஒன்றும் பேசாமல் அந்தக் கோட்டைக் காட்டினால் போதும். ‘நான் சரியாகத்தான் ஓட்டினேன்’ என்று மையை எதிர்த்து யார் வாதாட முடியும்?

இன்றைக்கு வீட்டுக் கம்ப்யூட்டரின் மூலையில் தெரியும் வரைபட ஜன்னல், அந்த நண்டின் பேரப்பிள்ளைதான்.

எறும்பு யானையான கதை

காமிராவின் வரலாறு இன்னும் வேடிக்கையானது. நண்டு இருந்ததே ஒழிய, ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதற்கு லிங்க் பெட்டியில் ஒன்றும் கிடையாது. விமானத்தை இறக்கக் கற்கவேண்டுமானால் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவேண்டுமே!

கம்ப்யூட்டர் படம் வரையாத காலம் அது. ஆகவே ஒரு பெரிய சுவர் அளவுக்குப் பலகை செய்து, அதன்மேல் வயல், சாலை, வீடு, மரம், ஓடுபாதை எல்லாவற்றையும் நவராத்திரிக் கொலு போலக் குட்டி குட்டியாகச் செய்து ஒட்டினார்கள். அதற்கு எதிரே ஒரு டெலிவிஷன் காமிரா. மாணவர் பிடியைத் திருப்பினால் காமிரா திரும்பும். தாழ்த்தினால் பலகையை நெருங்கும். காமிரா பார்ப்பது மாணவருக்கு முன்னால் உள்ள திரையில் தெரியும். சந்திரனில் இறங்கப் போன அப்போலோ வீரர்களுங்கூட, சந்திரனின் தரையைப் போலச் செய்த மாதிரியின்மேல் காமிராவை ஓட்டித்தான் தரையிலே பயிற்சி செய்தார்கள்.

இதில் தொல்லையும் இல்லாமல் இல்லை. மாதிரி இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவு என்று வைத்துக்கொள்வோம். மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள ஓடுபாதை ஒன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் அதே கணக்குப்படி, அரை சென்டிமீட்டர் எறும்பு ஒன்று ஓடுபாதைமேல் ஏறிவிட்டால், அது திரையில் பத்து மீட்டர் நீளத்துக்கு யானையைத் தோற்கடிக்கும் மிருகமாக வந்து நிற்கும்! பலகையின் ஓரத்தோடு உலகமும் முடிந்துவிடும். அதற்கப்பால் பறக்க இடமில்லை.

உலகத்தைப் பலகையில் ஒட்டாமல் கணக்கிலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று பலர் முயன்றார்கள். அவர்களில் ஒருவர் புரூஸ் ஆர்ட்விக். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1975-ம் ஆண்டில் அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையே, விமானியின் கண்ணுக்குத் தெரியும் காட்சியைக் கம்ப்யூட்டர் வரைவது பற்றியதுதான். பிறகு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி அதையே ஒரு விளையாட்டாகச் செய்தார். 1982-ம் ஆண்டில் மைக்ரோசாப்ட் கம்பெனி அவருடைய வேலையை ‘பிளைட் சிமுலேட்டர்’ என்ற பெயரில் வெளியிட்டது.

1988-ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் இந்த ஜன்னல்கள் ஒழுங்காக அமைந்தன. திரையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் கருவிகள், ஒன்றில் வரைபடம், ஒன்றில் வெளிக் காமிரா என்று வேண்டிய அளவில், வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். லிங்க் பெட்டியில் மாணவர் உள்ளே இருந்தார், ஆசிரியர் வெளியே இருந்தார். இப்போது ஒரே ஆசாமி உள்ளேயும் இருக்கலாம். வெளியே உட்கார்ந்து தம்மையே பார்த்துக்கொள்ளவும் செய்யலாம்!

ஏரிக்கு மேலே ஒரு சுற்று

அந்த நாளைய பிளைட் சிமுலேட்டரைத் திறந்தால் விமானம் சிக்காகோ நகரத்தின் மெய்க்ஸ் என்ற விமான நிலையத்தில் நிற்கும். ஒரே ஓடுபாதை. ஒரு பக்கம் வானளாவிய கட்டடங்கள். மறு பக்கம் கடல் போல மிச்சிகன் ஏரி. உலகெங்கும் எத்தனையோ பேர் முதன்முதலாக ‘பறந்தது’ அந்த ஓடுபாதையிலிருந்துதான்.

வடக்கே பார்த்துக் கிளம்பி, ஆயிரம் அடி ஏறி, வலது பக்கம் ஏரிக்கு மேல் திரும்பி, மறுபடி வலது பக்கம் திரும்பி ஓடுபாதைக்கு இணையாகத் தெற்கே வந்து, இன்னும் இரண்டு திருப்பம் திரும்பினால் ஓடுபாதைக்கு நேராக வந்துவிடலாம். சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. செய்து பார்த்தால் தெரியும். இரண்டாவது திருப்பம் திரும்பியதும் ஓடுபாதை கண்ணிலிருந்து மறைந்துவிடும். கீழே தண்ணீர். தண்ணீரில் அடையாளம் ஏது? புதிதாகப் பழகுகிறவர் எங்கே திரும்புவது என்று தெரியாமல் நேராகப் போய்க்கொண்டே இருப்பார். அல்லது அவசரப்பட்டுத் திரும்பி, ஓடுபாதையைத் தாண்டி ஊருக்குள் நுழைவார்.

இந்த இடத்தில்தான் வரைபட ஜன்னல் கை கொடுக்கிறது. விமானம் சின்னக் குறியாக ஏரிக்கு மேலே நகர்வதும், ஓடுபாதை பக்கத்தில் கோடாகக் கிடப்பதும் ஒரே பார்வையில் தெரியும். கோட்டின் நுனியைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும் திரும்பினால் கணக்குச் சரியாக வரும். நாலைந்து தடவை இப்படிச் செய்தபின், வரைபடத்தைப் பாராமலே மனத்துக்குள் அந்தப் படம் விழ ஆரம்பிக்கும். உண்மையில் பழகவேண்டியது அந்த மனப் படத்தைத்தான்.

வரைபடத்தை உபயோகிப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. சில வரைபடங்களில் வடக்கு எப்போதும் மேலேயே இருக்கும். அப்போது விமானம் தெற்கே போனால் குறி கீழ்நோக்கி இறங்கும். விமானி வலது பக்கம் திருப்புவார். திரையில் குறி இடது பக்கம் போகும்! புதியவர்கள் குழம்பித் தடுமாறும் இடம் இது. விமானம் போகும் திசையே மேலே இருக்கும்படி வரைபடத்தைச் சுழலவிடவும் வசதி உண்டு. திரும்புவதற்கு அது சௌகரியம். ஆனால் ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற நிதானம் அதில் சீக்கிரம் போய்விடும். நெடுந்தூரம் போகும்போது வடக்கு மேலேயும், இறங்கும்போது போகும் திசை மேலேயும் இருப்பது நல்லது.

அளவு விஷயமும் அப்படித்தான். மிகவும் விரித்து வைத்தால் விமானம் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டது போலத் தோன்றும். மிகவும் நெருக்கி வைத்தால் ஓடுபாதை எந்தப் பக்கம் என்பதே படத்தில் இராது.

இந்த மெய்க்ஸ் விமான நிலையம் இப்போது இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 2003-ம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள் நள்ளிரவில், நகர மேயரின் உத்தரவுப்படி புல்டோசர்கள் வந்து ஓடுபாதையில் பெரிய பெருக்கல் குறிகளாகக் குழி தோண்டிவிட்டுப் போயின. நிலையம் அத்தோடு மூடப்பட்டது. பழைய சிமுலேட்டரின் வரைபடத்தில் மட்டும் அந்த ஓடுபாதை இன்னும் அப்படியே கிடக்கிறது.

மலை இல்லாத வரைபடம்

பழைய காலத்து வரைபட ஜன்னலுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது இடத்தைக் காட்டும்; உயரத்தைக் காட்டாது. விமானக் குறி மலையின் குறிமேல் நிற்கும். மலைக்கு மேலே நிற்கிறதா, மலைக்குள்ளே புகப் போகிறதா என்பது அதில் தெரியாது.

இந்தக் குறை சிமுலேட்டரில் இருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. நிஜ விமானத்தில் இருந்தபோது என்ன நடந்தது என்பதைக் கேளுங்கள்.

1995-ம் ஆண்டு டிசம்பர் 20-ந்தேதி இரவு. கிறிஸ்துமஸுக்கு ஊர் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியின் போயிங் 757 விமானம் மியாமியிலிருந்து கொலம்பியா நாட்டின் காலி நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மொத்தம் 163 பேர். காலி நகரம் உயர்ந்த மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கிருந்த ராடாரைக் கொரில்லாக்கள் 1992-லேயே வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஆகவே விமானம் எங்கே வருகிறது என்பதை விமானிகள் சொன்னால்தான் தரையில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

கடைசி நேரத்தில், வேறு பக்கத்திலிருந்து நேராக வந்து இறங்கலாம் என்று தரையிலிருந்து சொன்னார்கள். விமானிகள் ஒப்புக்கொண்டார்கள். அவசர அவசரமாக வழியை மாற்றவேண்டியதாயிற்று. ரோசோ என்ற வானொலி நிலையத்தை நோக்கிப் போவதற்காக, விமானத்தின் கம்ப்யூட்டரில் ‘ஆர்’ என்ற ஒரே எழுத்தைத் தட்டினார்கள். கம்ப்யூட்டரின் பட்டியலில் அந்த எழுத்துக்கு முதலில் வந்தது ரோசோ அல்ல. நூறு மைல்களுக்கும் அப்பால், பொகோட்டா நகருக்குப் பக்கத்தில் இருந்த ரோமியோ என்ற வேறொரு நிலையம்! விமானம் சொன்ன பேச்சைக் கேட்டு, இருட்டில் இடது பக்கம் திரும்பி மலைகளை நோக்கிப் போயிற்று. அதே சமயம் இறங்கிக்கொண்டும் இருந்தது.

ஏதோ தவறு என்று விமானிகளுக்குத் தோன்றியது. எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்று இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். வலது பக்கம் திருப்பினார்கள். ஆனால் இறங்குவதை நிறுத்தவில்லை. அவர்களுக்கு முன்னால் வரைபடத் திரை இருந்தது. போகும் வழி அதில் கோடாகத் தெரிந்தது. மலை மட்டும் அதில் இல்லை.

தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை ஒலித்தபோது சில விநாடிகளே மிச்சம். மூக்கை நிமிர்த்தினார்கள். இறங்குவதற்காக இறக்கைமேல் விரித்து வைத்திருந்த வேகத் தடைகளை மடக்க மறந்துபோயிற்று. விமானம் மலையில் மோதியது. 159 பேர் மாண்டார்கள். நாலு பேர் பிழைத்தது அதிசயம்.

இந்த விபத்துக்கு முன்பிருந்தே டான் பேட்மன் என்ற என்ஜினீயர் ஒரு காரியத்தில் முனைந்திருந்தார். அப்போதிருந்த எச்சரிக்கைக் கருவி விமானத்துக்கு நேர் கீழே உள்ள தரையைத்தான் பார்க்கும். முன்னால் நிற்கும் மலையைப் பார்க்காது. உலகத்தின் மேடு பள்ளங்கள் முழுவதையும் கணக்காக விமானத்துக்குள் வைத்துவிட்டால், வரப்போகும் மலையை முன்கூட்டியே சொல்லலாம் என்பது அவருடைய யோசனை. இன்று பெரிய பிரயாணி விமானங்களில் இந்தக் கருவி இருக்கிறது. வரைபடத் திரையில் தாழ்ந்த தரை பச்சையாகவும், உயர்ந்த தரை மஞ்சளாகவும், மோதக் கூடியது சிவப்பாகவும் தெரியும். பேட்மன் 2023-ல் காலமானார். அவர் பெயரைப் பிரயாணிகளில் அநேகர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.

உலகத்தைக் கணக்கில் அடக்கி வைக்கும் வேலையைச் சிமுலேட்டர்காரர்கள் விளையாட்டுக்காகச் செய்தார்கள். இங்கே அது உயிரைக் காக்கும் வேலையாயிற்று.

வெளியே நிற்கும் கண்

இனி காமிரா ஜன்னல். சிமுலேட்டரில் காமிராவை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். விமானத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே வரச் சொல்லலாம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உச்சியில் நிற்கச் செய்யலாம். பிளைட்கியர் என்று இலவசமாகக் கிடைக்கும் சிமுலேட்டரில் ‘வி’ என்ற ஆங்கில எழுத்தை அழுத்த அழுத்த, காமிரா ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவிக்கொண்டே போகும்.

கோபுரக் காமிராவால் கிடைக்கும் லாபம், விமானத்தை இறக்கும்போது தெரியும். ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி வீதம் இறங்கி வரவேண்டும் என்று புத்தகத்தில் படித்தாலும், உள்ளே இருப்பவருக்குச் சரிவு சரியாக இருக்கிறதா என்று முதலில் பிடிபடாது. கோபுரத்திலிருந்து பார்த்தால் விமானம் படிக்கட்டு இறங்குவது போலத் தட்டுத் தட்டாக வருகிறதா, நூல் பிடித்தாற்போல வருகிறதா என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். பறந்து முடித்தபின் அதே காட்சியை மறுபடி ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. பறக்கும்போதே பார்த்தால் கவனம் சிதறும்.

பின்தொடரும் காமிராவில் சக்கரம் இறங்கியிருக்கிறதா, இறக்கையின் மடிப்புகள் விரிந்திருக்கின்றனவா என்று பார்க்கலாம். ஆனால் அதையே பார்த்துக்கொண்டு விமானத்தை ஓட்டுவது கெட்ட பழக்கம். வெளியிலிருந்து ஓட்டிப் பழகியவர், உள்ளே உட்கார்ந்ததும் பட்டம் விடுகிறவர் பட்டத்திலேயே ஏறிவிட்டது போல விழிப்பார். இன்னொரு விஷயமும் உண்டு. ஜன்னல் ஒன்று கூடினால், கம்ப்யூட்டர் உலகத்தை இன்னொரு தடவை வரையவேண்டும். சாதாரண யந்திரமானால் படம் திக்கித் திணறும். இறங்கும் சமயத்தில் படம் திணறினால் கதை கந்தல்.

நிஜ விமானத்தில் வெளிக் காமிராவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஏர்பஸ் 380 என்ற இரண்டு அடுக்கு விமானத்தின் வாலின் உச்சியில் ஒரு காமிரா இருக்கிறது. விமானம் முழுவதும் அதில் தெரியும். பிரயாணிகள் பொழுதுபோக்காகத் தங்கள் இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் அதைப் பார்க்கலாம். சிமுலேட்டரின் பின்தொடரும் காமிராவைப் போலவேதான் இருக்கும்.

2010-ம் ஆண்டு நவம்பர் 4-ந்தேதி, குவாண்டாஸ் கம்பெனியின் ஏர்பஸ் 380 விமானம் ஒன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பியது. உள்ளே 469 பேர். கிளம்பிச் சில நிமிஷங்களில், இந்தோனேசியாவின் பாதாம் தீவுக்கு மேலே, இடது இறக்கையில் உள்ள என்ஜின் ஒன்று வெடித்தது. உள்ளே சுழன்ற தகடு துண்டு துண்டாகி இறக்கையைத் துளைத்தது. மின்சாரக் கம்பிகள் நூற்றுக்கணக்கில் அறுந்தன. விமானிகளுக்கு முன்னால் உள்ள திரையில் கோளாறு அறிவிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவிந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்க்கவே சுமார் ஐம்பது நிமிஷம் ஆயிற்று.

எது நிஜமான சேதம், எது அறுந்த கம்பியால் வந்த பொய்த் தகவல் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? விமானிகளில் ஒருவர் எழுந்து பிரயாணிகள் இருக்கும் பகுதிக்குப் போனார். அங்கே பிரயாணியாக வந்திருந்த ஒருவர், அதே கம்பெனியில் விமானியாக வேலை பார்ப்பவர். அவர் இருக்கைத் திரையைச் சுட்டிக் காட்டினார். வால் காமிராவின் படம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. இடது இறக்கையிலிருந்து ஏதோ திரவம் ஒழுகிக்கொண்டிருப்பது அதில் தெரிந்தது.

விமானம் சிங்கப்பூருக்கே திரும்பி வந்து இறங்கியது. ஓடுபாதையில் சுமார் 150 மீட்டர் மிச்சம் இருக்கும்போது நின்றது. கம்பிகள் அறுந்திருந்தபடியால் இடது இறக்கையின் மற்றொரு என்ஜினை நிறுத்த முடியவில்லை. தீயணைக்கும் படையினர் சுமார் மூன்று மணி நேரம் போராடித்தான் அதை அடக்கினார்கள். 469 பேரில் ஒருவருக்கும் காயமில்லை.

மூடவும் பழகவேண்டும்

வீட்டில் சிமுலேட்டர் பழகுகிறவர்களைப் பற்றி விமான ஆசிரியர்கள் ஒரு குறை சொல்வதுண்டு. நிஜ விமானத்தில் ஏறியதும் வெளியே பார்க்காமல் திரையையும் கருவியையுமே முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அது. குறை நியாயமானதுதான். எதிரே இன்னொரு விமானம் வந்தால் அதைப் பார்க்கவேண்டியது சொந்தக் கண்.

ஆகவே முதல் சில நாட்கள் வரைபடத்தைத் திறந்து வைத்துச் சுற்றுவது, பிறகு திருப்பங்களில் மட்டும் ஒரு நொடி பார்ப்பது, பிறகு அறவே மூடிவிட்டுச் சுற்றுவது என்று படிப்படியாகப் போவது நல்லது. எந்த ஊர் ஓடுபாதையானாலும் சரி. ஏரியின் கரை எந்தப் பக்கம் இருந்தது, எத்தனை நிமிஷம் தெற்கே வந்தோம், கோபுரம் தோளுக்கு நேராக வந்ததா என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே திரும்பவேண்டும். இறங்கி, விமானத்தை நிறுத்தியபின், வரைபட ஜன்னலைத் திறக்கலாம். வந்த வழி அதில் கோடாக விழுந்திருக்கும். பெரும்பாலும் அது கோணலாகத்தான் இருக்கும். எந்தத் திருப்பத்தில் கோணியது என்று பார்த்துக்கொண்டு, மறுபடி ஓடுபாதையின் நுனிக்குப் போய் நிற்கலாம்.